நாலாம் வகுப்புக் கயிறு

துணிக் கிளிப்பைப் பல்லில் கவ்விக்கொண்டேதான் பேசுகிறார் சோப்பு டீச்சர். ஆசிரியர் அறைக்குக் குறுக்கே ஐந்து கயிறு, வகுப்புக்கு ஒன்று. ஜன்னல் பக்கம் வருஷ ஆரம்பம், கதவுப் பக்கம் வருஷக் கடைசி. நடுவில் சுகாதாரப் பாடமெல்லாம் அட்டை அட்டையாகத் தொங்குகிறது. பள்ளி திறக்கும் முன் வருஷா வருஷம் இந்தக் கூத்துதான்.

"யார் வீட்டுத் துணி இது?" என்றார் கணக்கு வாத்தியார்.

"உங்க மூளையத்தான் அலசிப் போட்டிருக்கேன். காயட்டும்."

சோப்பு டீச்சர் என்பது பிள்ளைகள் வைத்த பேர். கை கழுவாமல் வருகிற பிள்ளையை வாசலிலேயே மோப்பம் பிடித்துவிடுவார். ஆள் குட்டை, குரல் மட்டும் ஆளைவிட ஒரு முழம் உயரம்.

"புஸ்தகம் எந்த வரிசையில இருந்தா எனக்கென்ன? உடம்புக்கு எப்போ வேணுமோ அப்போ சொல்லணும்" என்பார். பட்டுத் தெரிந்துகொண்டதுதான். மிட்டாய் தின்றால் பல் கெடும் என்று புத்தகப்படி முதலில் நடத்திய வருஷம், பால்பல் விழுந்த பிள்ளைகளெல்லாம் திருடன் மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு திரிந்தன. நாத்தனார் மகன் விழுந்த பல்லையே முழுங்கிவிட்டு, "நான் மிட்டாய் திங்கவே இல்ல அத்தை" என்று சத்தியம் செய்தான். அன்றிலிருந்து பால்பல் அட்டை முன்னால், மிட்டாய் அட்டை பின்னால்.

இந்த வருஷம், பெண்பிள்ளைகள் வயசுக்கு வருவதைச் சொல்லும் 'வளரும் உடம்பு' அட்டையை ஐந்தாம் கயிற்றிலிருந்து கழற்றி நான்காம் கயிற்றுக்குக் கொண்டுபோனார். குனிந்து நுழைந்த தலைமையாசிரியர் அதைப் பார்த்துத் திடுக்கென்று நிமிர, ஒரு கயிறு கழுத்தில் மாட்டிக்கொண்டது. மனிதர் வேறு யாருமில்லை, டீச்சருடைய ஓரகத்தியின் உடன்பிறந்த தம்பி. பள்ளியில் "டீச்சர்", வீட்டில் "அக்கா". வசமாக மாட்டிக்கொண்டால் மட்டும் எது பள்ளி, எது வீடு என்பது மறந்துபோகும்.

"டீச்சர், இது அஞ்சாம் வகுப்புல கடைசி மாசம் நடத்தறதாச்சே?"

"போன வருஷம் நாலாம் வகுப்புப் பொண்ணு ஒருத்தி பாத்ரூம்ல தாழ்ப்பாள் போட்டுக்கிட்டாளே, மறந்துட்டீங்களா? வெளிய நான்தான் நின்னேன். 'டீச்சர், நான் செத்துடுவேனா?'ன்னு உள்ளேருந்து கேக்கறா. அடுத்த வருஷக் கடைசி வரைக்கும் பொறுத்துக்கோடின்னு சொல்லியிருக்கணுமா?"

"பெத்தவங்க சண்டைக்கு வருவாங்க."

"வரட்டும். நாற்காலி போட்டு வையுங்க."

"என் பொண்ணே இந்த வருஷம் நாலாவது, அக்கா! வீட்டுக்காரி என்னை உள்ள விடமாட்டா."

டீச்சர் கிளிப்பை வாயிலிருந்து எடுத்தார். "உன் பொண்ணு ஒருநாள் உள்ள உக்காந்துக்கிட்டு அதையே கேட்டா, வெளிய நின்னு என்ன பதில் சொல்லுவ தம்பி?"

தலைமையாசிரியர் கழுத்தைத் தடவிக்கொண்டார். பிறகு அட்டையைத் தானே வாங்கி, நான்காம் கயிற்றின் கதவுப் பக்கக் கோடியில் மாட்டினார்.

"நாலாவதுலயே இருக்கட்டும். ஆனா கடைசியா இருக்கட்டும். பெத்தவங்க கூட்டத்துல நீங்கதான் பேசணும்."

"பேசறேன், பேசறேன். அதுக்கென்ன?"

சொல்லிக்கொண்டே டீச்சர் அந்த அட்டையைக் கழற்றினார். முதலுதவி, கண், காது என்று கயிற்றில் கிடந்ததையெல்லாம் புறங்கையால் ஒதுக்கித் தள்ளி, ஜன்னலோரம் முதல் இடத்தில் மாட்டி, காற்றுக்கு விழுமா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.