ட்ரவுட் ஓடையில் ஐப்பசி முழுக்கு

சாந்தாமணிக்கு ஆட்களை மீன் பிடிக்கக் கூட்டிப்போவதுதான் வேலை. பிடித்த மீனை உடனே தண்ணீரிலேயே விட்டுவிட வைப்பதும் அதே வேலையில் சேர்த்தி. அமெரிக்காவில், எடிசனில் இருக்கும் நம் ஆட்களிடம் இதைச் சொன்னால் முதலில் ஒரு சிரிப்பு வரும். அப்புறம் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்.

"விடறதுக்கு எதுக்குங்க பிடிக்கணும்?"

நாலு வருசமாக அவளிடம் பதில் இல்லை. "வந்து பாருங்க, தெரியும்" என்று சொல்லிவிடுவாள். வந்து பார்த்தவர்களில் பாதிப் பேருக்கும் தெரிந்ததில்லை. அவளுக்கே சில நாள் தெரியாது.

அவள் பல்லடத்துக்காரி. ஆறு என்பதைப் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தவள். நியூ ஜெர்சிக்கு வந்து பதினோரு வருசம் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் செய்தாள். ஒருநாள் காலை ஒன்பது நிமிட வீடியோ காலில் நாற்பது பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதில் அவளும் ஒருத்தி. அந்த மாதம் வீட்டில் சும்மா உட்கார முடியாமல், டவுன்ஷிப்பில் சனிக்கிழமை நடந்த இலவச வகுப்பு ஒன்றுக்குப் போனாள். ஃப்ளை ஃபிஷிங் வகுப்பு. தண்ணீரே கிடையாது. கால்பந்து மைதானத்தில் புல்லின் மேல் கயிற்றை வீசிப் பழகினார்கள். முள்ளின் மேல் நூலும் இறகும் சுற்றிப் பூச்சி மாதிரி செய்திருப்பார்கள். அது நிஜப் பூச்சி விழுவது போலச் சத்தமில்லாமல் போய் விழ வேண்டும். இரண்டாவது சனிக்கிழமையே சாந்தாமணியின் கயிறு நேராகப் போய் விழுந்தது. ஏன் விழுந்தது, எப்படி விழுந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கை அப்படிப் போனது, அவ்வளவுதான்.

இப்போது வாரத்துக்கு இரண்டு நாள் ஆட்களைக் கூட்டிப்போகிறாள். எங்கே நிற்பது, எந்தப் பூச்சியைக் கட்டுவது, எப்போது இழுப்பது எல்லாம் அவள் சொல்வாள். மீன் சிக்கினால் வலையில் ஏந்தி, தண்ணீருக்குள்ளேயே முள்ளை எடுத்து விட்டுவிடுவாள்.

இடம், எடிசனிலிருந்து ஒன்றேகால் மணி நேரத் தூரத்தில், மாநிலத்தின் வடமேற்கு மலைப்பக்கம். லின் என்ற பெண்ணின் பண்ணைக்குள் ஓடும் ஊற்றோடை. மழைத் தண்ணீர் இல்லை, பூமிக்குள்ளிருந்து வரும் தண்ணீர். அதனால் ஜூலையிலும் சுடாது, ஜனவரியிலும் உறையாது. மற்ற ஆறுகள் வெயிலில் வெந்தும் பனியில் இறுகியும் கிடக்கும்போது, இங்கே மட்டும் வருசம் முழுக்க ட்ரவுட் மீன் இரை தேடும். இந்த ஓடை இல்லையென்றால் சாந்தாமணிக்கு வேலை இல்லை.

லின்னுக்கும் அவளுக்கும் நடுவே காகிதம் எதுவும் கிடையாது. நாலு வருசத்துக்கு முன்னால், வேலிக்கதவை ஒவ்வொரு தடவையும் மறக்காமல் மூடிவிட்டுப் போகிற ஒரே ஆள் இவள்தான் என்று கவனித்து, "நீ ஆட்களைக் கூட்டிவரலாம்" என்றாள் லின். வாயால் கொடுத்தது, வாயாலேயே போய்விடும். ஒரு விதி மட்டும் கறாராகச் சொல்லியிருந்தாள். அக்டோபர் நடுவிலிருந்து பிப்ரவரி முடியும் வரை கூழாங்கல் தரையில் யாருடைய காலும் படக்கூடாது. அப்போதுதான் பழுப்பு ட்ரவுட் வாலால் கல்லை விசிறி, குழி பறித்து, முட்டையிட்டு மூடும். அந்த மாதங்களில் சேற்றுத் தரையில் நின்றுதான் வீச வேண்டும்.

ஏப்ரலில் ஒரு ஜோடி வந்தது. ஜெயபிரகாஷ், அவன் மனைவி தாமரைச்செல்வி. இரண்டு பேரும் பவானிக்காரர்கள், ஐடி வேலை. ஜெயபிரகாஷ் மார்பு வரை வரும் ரப்பர் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு நாலு மணி நேரம் வீசினான். ஒன்றும் மாட்டவில்லை. கரையில் தக்காளி சாத டப்பாவோடு உட்கார்ந்திருந்த தாமரை, "நான் ஒரு தடவை பாக்கட்டுமாக்கா?" என்று வாங்கி வீசினாள். மூன்றாவது வீச்சில் முழங்கை நீளத்துக்கு ஒரு ட்ரவுட்.

"இது ஃபவுல் கேம்" என்றான் ஜெயபிரகாஷ்.

"நீங்க மீன ஆபீஸ் மீட்டிங் மாதிரி மொறச்சுப் பாக்கறீங்க. அது எப்படிங்க வரும்?" என்றாள் தாமரை.

ஜூலையில் தாமரையின் அப்பா இறந்துபோனார். அவளால் ஊருக்குப் போக முடியவில்லை. போனால் விசா ஸ்டாம்பிங் கிடைத்துத் திரும்பி வர முடியுமா என்று வக்கீலுக்கே நிச்சயமில்லை. வாட்ஸ்அப் வீடியோவில்தான் எல்லாம் பார்த்தாள். ஆகஸ்டில் ஒரு காலை ஆறு மணிக்குத் தனியாக ஓடைக்கு வந்தாள். அது சின்னச் சின்ன வெள்ளைப் பூச்சிகள் புகை மாதிரி தண்ணீர் மேல் சுற்றும் பருவம். கடுகளவு பூச்சியைக் கட்ட வேண்டும். சாந்தாமணி கட்டிக் கொடுத்தாள். தாமரை வீசவே இல்லை. தூண்டிலைப் பிடித்தபடி இரண்டு மணி நேரம் நின்றாள். பேசலாமா, சும்மா இருக்கலாமா என்று தெரியாமல் சாந்தாமணியும் பக்கத்திலேயே நின்றாள்.

நவம்பர் இரண்டாவது வாரம் தாமரை போன் செய்தாள்.

"அக்கா, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே?"

"கேளு."

"ஐப்பசி கடைசி நாள் அப்பா கூடுதுறையில, காவிரில போய் முங்கிட்டு வருவாருங்க்கா. ஒரு வருசம் விட்டதில்ல. இந்த வருசம் வீட்ல யாரும் முங்கப் போறதில்ல. தம்பி பெங்களூர்ல ஆபீஸ்ல ரிலீஸ் இருக்குதுங்கறான். ஓடற தண்ணியா இருக்கோணும். உங்க ஓடைல ஒரே ஒரு முழுக்குப் போட்டுக்கட்டுமா?"

சாந்தாமணிக்கு வாயில் "முடியாது" என்ற சொல் வந்து நின்றது. வெளியே வரவில்லை. அப்பாவுக்காகக் கேட்கிற பெண்ணிடம் எப்படிச் சொல்வது? லின்னிடம் கேட்கலாம். ஆனால் கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியும். கேட்காவிட்டால் அது என்ன கணக்கு? பொய்யா, பொய் இல்லையா? இரண்டு நாள் குழம்பிவிட்டு, ஓடையைத் தாண்டும் சாலைப் பாலத்துக்குக் கீழே சேற்றுத் தரை இருக்கிறது, முட்டை இல்லாத இடம், அங்கே என்றால் விதி உடையாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வெளியே நல்ல குளிர். ஓடை மேல் ஆவி எழுந்தது. தாமரை பழைய சுடிதார் ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். பல் கிட்டியது.

"இங்கயே இறங்கு. இந்த இடத்த விட்டு நகராத. ஹார்ட் அட்டாக் எதுவும் வந்து தொலையப்போகுது, சீக்கிரம்" என்றாள் சாந்தாமணி.

"எங்க ஊர்ல தை மாசமே முங்குவோம்."

"எங்க ஊர்ல குளிக்கறதுக்கே தண்ணி லாரி வரோணும். போ, போ."

பாலத்து மேல் எப்போதாவது ஒரு பிக்கப் டிரக் போகும். ஈரத்துணியோடு ஒரு பெண் கரையேறும்போது யார் கண்ணிலும் படக்கூடாது. சாந்தாமணி பெரிய துண்டு ஒன்றை இரண்டு கையாலும் விரித்து மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். கூட வந்த பொம்பளை அப்படித்தான் நிற்பாள். அதில் யோசிக்க என்ன இருக்கிறது? பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. ஒரு முழுக்கு. "ஐயோ அப்பா" என்று ஒரு குரல். இரண்டு. மூன்று. அப்புறம் கொஞ்ச நேரம் அழுகை. சாந்தாமணி திரும்பவில்லை.

"ஆச்சுங்க்கா" என்று குரல் வந்தபோது அது நினைத்த இடத்திலிருந்து வரவில்லை.

திரும்பினாள். ஓடையின் மேல்பக்கம் பதினைந்தடி தள்ளி, அது வளையும் இடத்தில் தாமரை நின்றிருந்தாள்.

"அங்க ஒரே சேறா இருந்துச்சுக்கா. சேத்துல எப்படி முங்கறது? இங்க மட்டும் கல்லு கழுவி வெச்ச மாதிரி பளிச்சுன்னு இருந்துச்சு. சூரியனும் நேரா இருந்துச்சு."

மீன் வாலால் கழுவித்தான் வைத்திருந்தது. மற்ற கல்லெல்லாம் பாசி பிடித்துக் கறுத்திருக்க, ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் வெளுப்பாக இருந்தது. போன வாரம் சாந்தாமணி பார்த்தபோது அது அங்கே இல்லை. வெளுப்பின் நடுவே காலடிகள் குழி குழியாகத் தெரிந்தன. ஆரஞ்சு நிறத்தில் நாலைந்து முட்டை மணிகள் தண்ணீரோடு உருண்டன. கீழே காத்திருந்த சின்ன மீன் ஒன்று வந்து அவற்றை ஒவ்வொன்றாக விழுங்கியது.

தாமரை தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். உதடு நீலமாக இருந்தது. முகம் மட்டும் நாலு மாதமாக இல்லாத மாதிரி தெளிவாக இருந்தது.

"மனசு லேசாயிருச்சுக்கா. உங்கள நான் மறக்கவே மாட்டேன்."

சாந்தாமணி ஃபிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றிக் கொடுத்தாள்.

வீட்டில் திருமூர்த்தியிடம் சொன்னாள். அவள் கணவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "யாரு பாத்தா?" என்றான்.

"யாரும் பாக்கல."

"அப்பறம் என்ன? சாந்தா, நேத்து மத்தியானம் நாம வஞ்சிரம் வறுத்துச் சாப்பிட்டோம். உனக்கு ஞாபகம் இருக்குதா? ரெண்டு துண்டு நீ சாப்ட்ட."

"அது வேறங்க."

"எப்படி வேற?"

வேறுதான். ஆனால் எப்படி வேறு? மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் வெண்பா தலையைத் தூக்காமல், "ஜஸ்ட் டெல் ஹெர், மா" என்றாள்.

"சொன்னா ஓடை போயிரும்டி."

"தென் டோன்ட் டெல் ஹெர்."

"எது செய்யறதுன்னு கேட்டா ரெண்டையும் சொல்றா பாரு" என்று திருமூர்த்தி சிரித்தான். சாந்தாமணிக்குச் சிரிப்பு வரவில்லை. சொன்னால் நாலு வருச வேலை போகும். சொல்லாவிட்டால் லின் அந்த வளைவுக்கு வந்து காலடியைப் பார்க்கும் நாளில் வேலையும் போகும், பேரும் போகும். அதை விட, வேலிக்கதவைப் பார்த்துத் தன்னை நம்பியவளின் முன்னால் போய் எந்த முகத்தோடு நிற்பது?

செவ்வாய்க்கிழமை போய்ச் சொன்னாள். லின் ரப்பர் பூட்சை மாட்டிக்கொண்டு வளைவு வரை வந்தாள். கரையில் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள்.

"ஷான்டா, என்னிடம் ஏன் முதலிலேயே கேட்கவில்லை?"

"கேட்டிருந்தால் முடியாது என்றிருப்பீர்கள்."

"ஆமாம். சொல்லியிருப்பேன்."

"அவள் அப்பாவுக்காக" என்று ஆரம்பித்து, ஐப்பசி, காவிரி, விசா எல்லாவற்றையும் சாந்தாமணி ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது சாக்கு மாதிரி கேட்டது. ஆனால் அது சாக்கு இல்லை. லின் முழுவதையும் கேட்டாள்.

"நீ துண்டைப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்றாயா?"

"ஆமாம்."

"வழிகாட்டி நீ. நீ அவள் காலைப் பார்த்திருக்க வேண்டும்."

"எப்படிப் பார்ப்பது? அவள் குளித்துக்கொண்டிருந்தாள்."

லின் அவளை விநோதமாகப் பார்த்தாள். கோபமா, வேறு ஏதாவதா, தெரியவில்லை. "நான் யோசிக்க வேண்டும். நானே கூப்பிடும் வரை வராதே" என்று சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தாள்.

டிசம்பரில் புக் செய்திருந்த மூன்று பேரிடம் சாந்தாமணி மன்னிப்புக் கேட்டாள். ஜனவரியில் போன் வரவில்லை. இரண்டு டெஸ்டிங் வேலைகளுக்கு விண்ணப்பம் போட்டாள். ஒன்றிலிருந்து பதில் வந்தது, வேண்டாம் என்று.

பிப்ரவரி கடைசியில் லின் கூப்பிட்டாள். இரண்டு பேரும் கரையில் பனி மேல் படுத்து வளைவுக்குள் எட்டிப் பார்த்தார்கள். ஓரத்துக் களைகளுக்குள் நகத்துண்டு அளவில் மீன்குஞ்சுகள் துடித்தன. ஐம்பது இருக்கும், அதிகமும் இருக்கலாம்.

"இதெல்லாம் அந்தக் குழியிலிருந்து வந்ததா?" என்று சாந்தாமணி கேட்டாள்.

"தெரியாது. மேலே இன்னும் இரண்டு குழி இருந்தது. அதிலிருந்தும் வந்திருக்கலாம்."

"கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?"

"இல்லை."

லின் எழுந்து முழங்காலில் ஒட்டிய பனியைத் தட்டினாள். "ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை வா. அக்டோபரிலிருந்து மார்ச் வரை நீ யாரையும் கூட்டிவரக்கூடாது. நீ தனியாகவும் வரக்கூடாது." பாதி வருசம் போனது, பாதி வருசம் மிஞ்சியது. நன்றி சொல்வதா, வருத்தப்படுவதா? சாந்தாமணி இரண்டையும் செய்யாமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தாள்.

அந்த வாரமே தாமரையிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. "அக்கா, வர்ற ஐப்பசிக்கும் புக் பண்ணிக்கங்க. எங்க ஆபீஸ்ல இன்னும் ரெண்டு பேரு வரோம்ங்கறாங்க. துண்டு நாங்களே கொண்டாந்துருவோம்."

சாந்தாமணி ஒரு சாக்கு எழுதினாள். அழித்தாள். இன்னொன்று எழுதி அதையும் அழித்தாள். கடைசியில் போன் போட்டு முழுவதையும் சொன்னாள். வெளுத்த கல் என்ன, உருண்ட ஆரஞ்சு மணிகள் என்ன, டிசம்பரும் ஜனவரியும் ஏன் சும்மா இருந்தாள், வரும் ஐப்பசிக்கு ஏன் முடியாது, எல்லாம்.

அந்தப் பக்கம் தாமரை எங்கோ போய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேக்கா."

"அன்னைக்கு உன் முகத்தப் பாத்துட்டு எப்படிச் சொல்றது?"

"அப்பாவுக்காகப் போயி…" என்று தாமரை நிறுத்தினாள். அப்புறம், "எத்தன முட்டைங்க்கா இருந்துருக்கும்?"

"ஆயிரம் இருக்கலாம். கொஞ்சம் பொழச்சிருக்கலாம். எல்லாமே பொழச்சிருக்கலாம். எனக்குத் தெரியல தாமரை. லின்னுக்கும் தெரியல."

தாமரை போனை வைக்கவில்லை. சாந்தாமணியும் வைக்கவில்லை.