மத்திய அரசுக்காக நான் பேசிய கிழமை

கியூபெக் மாகாணம் கனடாவை விட்டுப் பிரிவதா இல்லையா என்று வாக்கெடுப்பு நடந்த அந்த இலையுதிர்காலத்தில், நான் ஸ்காபரோவில் பல்கலைக்கழக வகுப்பொன்றுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பாடம், அமெரிக்கக் குடியரசின் தொடக்க காலம். அதில் எனக்குப் பெரிய ஆசை ஒன்றும் இருக்கவில்லை. தொழிற்சாலையில் வேலை பிற்பகலில் தொடங்கும். காலை வகுப்புகளில் இடம் மிஞ்சியிருந்தது அந்த ஒன்றில்தான்.

மோர்னிங்சைட்டில் உயரமான மாடிக் கட்டடம் ஒன்றின் ஒன்பதாம் மாடியில் அப்பாவும் நானும் இருந்தோம். அப்பா ஓரிடத்தில் இருக்கமாட்டார். குசினியிலிருந்து ஜன்னல், ஜன்னலிலிருந்து கதவு, பிறகு வெளியே நீண்ட கொறிடோர். தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கும்போதும் நின்றபடிதான் பார்ப்பார். அவருக்கு ஆங்கிலம் நன்றாக விளங்கும். ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர். ஆனால் அவருடைய உண்மையான உத்தியோகம் அரசியல். சமஷ்டி, அதாவது ஆங்கிலத்தில் ஃபெடரல் ஆட்சி, கேட்ட கட்சிக்காக வாலிபத்திலிருந்து நடையாய் நடந்தவர். அரசாங்க அலுவலகமான கச்சேரியின் வாசலில் சத்தியாக்கிரகம் இருந்து வாங்கிய அடியில் அவருடைய இடது முழங்கை பிறகு ஒருநாளும் முழுதாக நிமிரவில்லை.

வகுப்பில் பேராசிரியர் எங்களை இரண்டாகப் பிரித்தார். புதிய அரசியலமைப்பை ஏற்கவேண்டும் என்போர் ஒரு பக்கம், வேண்டாம் என்போர் மறுபக்கம். இரண்டு கிழமையில் விவாதம். அன்று வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொன்னேன்.

"எந்தப் பக்கம் உனக்கு?"

"ஃபெடரலிஸ்ட் பக்கம்."

அவர் நடையை நிறுத்தினார். "அப்ப எங்கட பக்கம்."

இல்லையென்று விளங்கப்படுத்த எனக்கு நேரமெடுத்தது. அமெரிக்காவில் அந்தப் பெயரை வைத்துக்கொண்டவர்கள் பலமான மத்திய அரசைக் கேட்டவர்கள். மாகாணங்கள் தனித்தனியே இழுத்தால் நாடு சிதறிப்போகும் என்று சொன்னவர்கள். மத்திக்குப் பயந்து, அதிகாரம் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும் என்றவர்களுக்கு 'எதிர்ப்பாளர்' என்ற பெயர்தான் மிஞ்சியது.

"அது ஒற்றையாட்சிப் புத்தியெல்லோ," என்றார் அப்பா. "பேரைக் களவெடுத்திட்டாங்கள்."

அவருக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. எங்கள் நாட்டின் தெற்கில் பெரும்பான்மையினர், சமஷ்டி என்றால் நாட்டைப் பிரிப்பது என்றார்கள். இல்லை, சேர்ந்திருப்பதற்கு அதுதான் வழி என்று அப்பா ஊர் ஊராகச் சொல்லித் திரிந்தார். இங்கே தொலைக்காட்சியில், கனடா ஒன்றாய் இருக்கவேண்டும் என்பவர்களுக்கு அதே பெயர். ஒரு சொல்லுக்காக ஆயுளைக் கொடுத்தவருக்கு அந்தச் சொல் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு பக்கத்தில், ஒவ்வொரு கன்னையில் நிற்பது பொறுக்கவில்லை. கொறிடோரில் நடந்து நடந்து எனக்கு எதிர்வாதம் சொன்னார்.

அதற்குப் பதில் வைத்திருக்கக்கூடிய ஒருவர் எங்கள் கட்டடத்திலேயே நாலாம் மாடியில் இருந்தார். ஊரில் அப்புக்காத்தாக, வழக்கறிஞராக இருந்தவர். அப்பாவின் கட்சிக்கு எதிரான தமிழ்க் கட்சிக்காக ஒரு தேர்தலில் நின்று தோற்றவர். அந்தத் தேர்தலில் மேடையிலே நின்று அப்பாவை, 'சீனி நிறுக்கிறவர் சமஷ்டி நிறுக்க வந்திட்டார்' என்று சொன்னாராம். கூட்டம் சிரித்ததாம். அதன்பிறகு இருவரும் கதைக்கவில்லை. இங்கே ஒரே லிஃப்டில் ஏறினாலும் இருவரும் மாடி இலக்கங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

நான் நாலாம் மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினேன். யாருடைய மகள் என்று தெரிந்தும் அவர் உள்ளே கூப்பிட்டார்.

"பலமான மத்தியை எப்பிடி நியாயப்படுத்துறது, அங்கிள்?"

அவர் கதிரையைக் காட்டினார். "சின்ன இடத்திலை ஒரு கூட்டம் பெரும்பான்மையாய்ச் சேர்ந்திட்டா மற்றவனுக்குத் தப்ப வழியில்லை, பிள்ளை. பெரிய நாடெண்டா எத்தினையோ கன்னை இருக்கும். ஒண்டை ஒண்டு இழுத்துப் பிடிக்கும். ஆரும் முழுசா வெல்லேலாது. அதுதான் பாதுகாப்பு."

நான் வாசித்த பழைய கட்டுரைகளிலும் ஏறக்குறைய இதுதான் இருந்தது. ஆனால் அவர் சொன்னபோதுதான் எனக்கு விளங்கியது.

மேலே போய் அப்பாவிடம் சொன்னேன். யார் சொன்னது என்று அவர் கேட்கவில்லை. அது யாருடைய பேச்சு என்று அவருக்குத் தெரியும். "நாட்டிலை ரெண்டே ரெண்டு கன்னையெண்டா? அதிலை ஒண்டு எப்பவும் பெரிசெண்டா? போய்க் கேள்."

நான் போய்க் கேட்டேன். நாலாம் மாடியிலிருந்து ஒரு பதில், திரும்ப ஒன்பதாம் மாடியிலிருந்து ஒரு கேள்வி. லிஃப்டில் ஏறி இறங்கினேன். வேலையில் பெட்டிகளை ஒட்டும்போதும் என் தலைக்குள் இரண்டு கிழவர்கள் சண்டை பிடித்தார்கள். வகுப்பில் அப்போது, முதல் ஜனாதிபதியின் அமைச்சரவையில் ஒரே மேசையில் இருந்த இருவர் எப்படி இரு கட்சிகளின் தலைவர்களானார்கள் என்று படித்துக்கொண்டிருந்தோம். இருவரும் ஆளுக்கொரு பத்திரிகையை ஆதரித்து, அதில் மற்றவரைக் கிழிக்க விட்டார்கள். கட்சிகளே கூடாது என்று எச்சரித்துவிட்டுத்தான் ஜனாதிபதி வீட்டுக்குப் போனார். யாரும் கேட்கவில்லை.

"அப்ப அவங்களும் எங்களை மாதிரித்தான்," என்றார் அப்பா. அதில் அவருக்கு ஒரு சின்ன ஆறுதல் இருந்ததாக எனக்குத் தோன்றியது.

வாக்கெடுப்பில் கனடா மயிரிழையில் தப்பியது. ஆனால் அந்தச் செய்தி எங்கள் வீட்டில் யார் காதிலும் ஏறவில்லை. அதே நேரத்தில்தான் ஊர்ச் செய்தி வந்தது. இராணுவம் யாழ்ப்பாணத்தை நெருங்குகிறது, நகரைச் சுற்றிய வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடக்கிறது என்றார்கள். மழை என்றார்கள். அப்பாவின் தங்கை, என் மாமி, வலிகாமத்தில்தான் தனியாக இருந்தா. ஊருக்குத் தொலைபேசி கிடையாது. கொழும்பில் இருந்த சொந்தக்காரருக்கு எடுத்தால் அவர்கள் எங்களிடமே செய்தி கேட்டார்கள்.

அடுத்த நாள் காலை அப்பாவும் நானும் கீழே இறங்கினோம். தமிழ்க் கடையில் யாருக்காவது ஏதாவது தெரியுமா என்று கேட்கத்தான். நாலாம் மாடியில் லிஃப்ட் நின்றது. அப்புக்காத்து சவரம் செய்யாத முகத்தோடு ஏறினார். கதவு மூடியது. அவர் இலக்கங்களைப் பார்க்கவில்லை.

"உம்மட தங்கச்சி வெளிக்கிட்டிட்டாவோ?"

அப்பா அவர் பக்கம் திரும்பினார். பிறகு, "தெரியேல்லை," என்றார். "உங்கட ஆக்கள்?"

"மச்சாளுக்கு நடக்கேலாது. அதுவும் தெரியேல்லை."

மூன்று பேரும் ஒன்றாகவே கடைக்குப் போனோம்.

வியாழக்கிழமை விவாதம். போகாமல் விடலாம் என்று நினைத்தேன். ஆனால் வீட்டில் இருக்கவும் முடியவில்லை. என் பக்கத்தைச் சொன்னேன், பிழையில்லாமல் சொன்னேன். எதிர்ப்பக்கத்தில் ஒரு பெண், நல்ல பிள்ளை, கேட்டாள்: மத்திய அரசிடம் நிரந்தர இராணுவத்தைக் கொடுக்கிறீர்கள், அது ஒருநாள் ஒரு மாகாணத்து மக்கள்மேலேயே திரும்பினால்?

அதற்குப் பதில் எனக்குப் பாடமாக இருந்தது. மக்களே தெரிவுசெய்த அரசு மக்கள்மேல் பாயாது. பாய்ந்தால் மாகாணங்கள் சேர்ந்து தடுக்கும். பதில் இருக்கிறது, ஆனால் இந்தக் கிழமை என்னால் அதை நம்ப முடியவில்லை என்று சொன்னேன். ஏன் என்று பேராசிரியர் கேட்டார். என்னுடைய மாமி இப்போது ஒரு தெருவில் நடந்துகொண்டிருக்கலாம் என்றேன்.

பேராசிரியர் அனுதாபம் சொல்லவில்லை. அதற்காக இன்றும் அவரை மதிக்கிறேன். "அப்படியானால் எதை எழுதிவைத்தால் அதைத் தடுக்கலாம்?" என்று கேட்டார்.

அப்பா கொறிடோரில் சொன்னவையெல்லாம் என் வாயிலிருந்து ஆங்கிலத்தில் வந்தன. காணி, மொழி, பொலிஸ், மத்தி தன் விருப்பத்துக்குத் திரும்ப எடுக்கமுடியாத உரிமைகள். அப்பாவின் கேள்விக்கு அப்புக்காத்து சொன்ன பதிலும் கூடவே வந்தது: ஒரு கன்னை எப்பவும் வெல்கிற நாட்டில் எழுத்து மட்டும் போதாது. எந்தப் பக்கத்துக்குப் பேசுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. வாக்கெடுத்தபோது என் பக்கம் தோற்றது.

மாமி உயிரோடு இருக்கிறா என்று தெரிய மார்கழியாயிற்று. சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தாவாம். அப்புக்காத்தின் மச்சாள் வழியிலேயே செத்துப்போனா. அன்று அப்பா நாலாம் மாடிக்குத் தனியாக இறங்கிப் போனார். பின்னேரம் வரை வரவில்லை.

அதற்குப் பிறகு இருவரும் பக்கத்துக் கடைத்தொகுதியின் கதிரைகளில் இருந்து கோப்பி குடித்தார்கள். சமாதானம் என்று சொல்லமாட்டேன். ஒருநாள் நான் போகும்போது அப்புக்காத்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீர் கேட்டதை அப்பவே தந்திருந்தா உந்த அழிவு வந்திராது எண்டு நினைக்கிறீரோ?"

"ஓம்."

"நான் நினைக்கேல்லை. தந்திட்டுப் பறிச்சிருப்பாங்கள்."

"அப்ப நீங்கள் ஏன் எங்களோட சேரேல்லை?"

அப்புக்காத்து கோப்பியைக் கீழே வைத்தார். "நீர் என்னை உங்கட கட்சி மேடையிலை ஏற விட்டாத்தானே," என்றார்.

அப்பாவுக்குக் கோபம் வந்தது. எழும்பி நாலடி நடந்தார். திரும்பி வந்து, நின்றபடியே பதில் சொல்லத் தொடங்கினார்.