ரத்தப் பரிசோதனைக்கு மூன்று டிக்கெட்

சேலையூரிலிருந்து கிளம்பும்போது காலை ஏழு மணி. கேம்ப் ரோட்டில் பஸ் பிடித்து தாம்பரம் கிழக்கில் இறங்கி, நடைமேம்பாலம் ஏறி, செங்கல்பட்டு போகும் மின்சார ரயிலில் உட்கார்ந்தேன். கூட்டமெல்லாம் சென்னை பீச் ஸ்டேஷன் பக்கம் போகிற வண்டியில்தான். என் பெட்டியில் காலிப் பூக்கூடைகளோடு இரண்டு பெண்களும், வண்டலூருக்கு மிருகங்கள் பார்க்கப் போகிற ஒரு குடும்பமும் மட்டும். கூடுவாஞ்சேரி தாண்டினால் வயலும் ஏரியும் மாறி மாறி வரும். சிங்கப்பெருமாள் கோவில் இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். நரசிம்மரைச் சேவிக்கத்தான் அங்கே வெளியூர்க்காரர்கள் போவார்கள். நான் போனது தேவராஜை அழைத்துவர.

தேவராஜ் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் வெல்டர். கல்யாணமாகி இரண்டு வருடம். ஆண்களோடும் அவனுக்கு உறவு உண்டு. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நானும், என்னைப் போலவே ஆண்களை மட்டும் விரும்புகிற சில நண்பர்களும், ஞாயிறு மாலைகளில் தாம்பரத்தைச் சுற்றி ஆண்கள் ஆண்களைத் தேடி வருகிற இடங்களுக்குப் போய், எய்ட்ஸ் பற்றிப் பேசி, ஆணுறை கொடுத்துவந்தோம். அங்கேதான் அவன் பழக்கமானான். முதல் நாள் வாங்க மறுத்துவிட்டான்.

“இன்னா சார் நீ? சுவத்துல எழுதிகீறதெல்லாம் கண்ட பொம்பளைகிட்ட போறவனுக்கு. நான் அங்கெல்லாம் போனதே கெடையாது. ஆம்பளைக்கும் ஆம்பளைக்கும் இன்னா வந்துடப் போவுது?”

அவனைக் குறை சொல்ல முடியாது. நாங்கள் பார்த்த எய்ட்ஸ் எச்சரிக்கைச் சுவர்களெல்லாம் அப்படித்தான் பேசின. அவனைப் போன்றவன் அந்த எழுத்துகளில் எங்குமே இல்லை. ஆண்களுக்கிடையிலும் கிருமி தொற்றும், சில வகை உறவில் இன்னும் சுலபமாகவே தொற்றும் என்று அவனுக்கு விளங்கவைக்கப் பல ஞாயிறுகள் ஆயின. விளங்கியதும் பயந்துபோனான். போன வாரம் சானடோரியத்தில் ரத்தம் கொடுத்திருந்தான். முடிவு வாங்கத் தனியாகப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டதால்தான் எனக்கு இந்தப் பயணம்.

ரயிலைவிட்டு இறங்கினால், அவனுக்குப் பக்கத்தில் அவன் மனைவி செல்வி.

“மஞ்சக்காமாலை டெஸ்ட்டுன்னு சொல்லி வச்சேன் சார். நானும் வரேன்னு கெளம்பிடுச்சு” என்று என் காதருகே முணுமுணுத்தான்.

“வணக்கம்ணா. பத்தியம் கித்தியம் சொன்னா இவரு பாதிய மறந்துடுவாரு. நானே கேட்டுக்கலாம்னு வந்துட்டேன்” என்றாள் செல்வி.

மூன்று டிக்கெட் எடுத்தேன். வழியெல்லாம் அவள்தான் பேசிக்கொண்டு வந்தாள். குழந்தைக்காகக் கோவில் மலையைச் சுற்றிவருவதைச் சொன்னாள். தேவராஜ் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

சானடோரியம், தாம்பரத்துக்கு அடுத்த ஸ்டேஷன். காசநோய் ஆஸ்பத்திரியால் வந்த பெயர். நாங்கள் போனது அந்தப் பக்கத்தில் இருந்த ஒரு சிறிய பரிசோதனை நிலையத்துக்கு. செல்வியை வெளி பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, என்னையும் உள்ளே இழுத்துக்கொண்டு போனான். ஆலோசகர் நடுத்தர வயதுப் பெண்மணி.

“இப்போதைக்குக் கிருமி தெரியலை. ஆனா நீங்க கடைசியா பாதுகாப்பில்லாம இருந்து ஒரு மாசம்தான் ஆகுது. ரத்தத்துல தெரிய நாளாகும். மூணு மாசம் கழிச்சு மறுபடி பாக்கணும். அதுவரைக்கும் யாரோட இருந்தாலும் ஆணுறை. வீட்டுலயும்தான்.”

“வூட்லயா? அது கொழந்தைக்கு ஏங்கிகினு கீது மேடம். திடீர்னு இத்த எடுத்தா ஏன்னு கேக்காதா?”

“கேப்பாங்க. என்ன சொல்றதுன்னு நீங்கதான் முடிவு பண்ணணும். சொல்லாமலே இருக்கலாம்னு நினைச்சு, அவங்களை ஆபத்துல மட்டும் விட்டுடாதீங்க.”

ஸ்டேஷனுக்குத் திரும்பினோம். ரயில் வந்தது. தேவராஜ் பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவில்லை. நான் நகர்ந்து போகப் பார்த்தேன். “இங்கியே இரு சார்” என்றான். பிறகு, “மஞ்சக்காமாலை இல்ல செல்வி. எய்ட்ஸ் டெஸ்ட்டு. இப்ப ஒண்ணுமில்லங்கறாங்க. மறுபடியும் பாக்கணுமாம்.”

செல்வியின் முகம் இறுகியது. “யாரு அந்தப் பொம்பள?”

“பொம்பள இல்ல.”

அவள் புரியாமல் என்னைப் பார்த்தாள். மறுபடி அவனைப் பார்த்தாள். புரிந்துவிட்டது.

“பாஸ்கர் அண்ணனா?”

அவன் தலையாட்டினான். பாஸ்கர், அவனோடு வேலை செய்கிறவன்; அடிக்கடி வீட்டுக்கு வந்துபோகிறவன். மனைவி, மகள் உள்ளவன்.

“என் கையால மீன் கொழம்பு ஊத்துனேனே அவருக்கு” என்றாள். அழவில்லை. பிறகு என்னிடம், “அண்ணா, எனக்கும் ஒட்டிகினு இருக்குமா?”

“இருக்காதுன்னு என்னால சொல்ல முடியாதும்மா. பரிசோதனை பண்ணாத்தான் தெரியும்.”

எழுந்து நடந்தாள். தேவராஜும் எழுந்தான். “நீ வராத. அண்ணன் வரட்டும்” என்றாள். வந்த வழியே போனோம். சட்டையில்லாத குழந்தைகள் ரோட்டோரக் குழாயில் தண்ணீர் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவள் நின்று பார்த்துவிட்டு நடந்தாள். ரத்தம் எடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

திரும்பும்போது அவள் லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில் ஏறிக்கொண்டாள். நான் தாம்பரத்தில் இறங்கிப் பார்த்தபோது, தேவராஜ் வாசற்படியில் நின்று முன்பெட்டியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்று மாதம் கழித்து இருவருக்குமே கிருமி இல்லை என்று வந்தது. இடையில் அவள் மதுராந்தகத்தில் அம்மா வீட்டில் இருந்தாள். திரும்பி வர ஒரு நிபந்தனை வைத்தாள்: பாஸ்கரும் பரிசோதனைக்குப் போகவேண்டும். “அவரு வூட்டுலயும் ஒரு பொம்பள கீறாங்கல்ல? அவங்களுக்கு யாரு சொல்லுவாங்க?” பாஸ்கர் வந்தான். அவனுடைய முடிவைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. தேவராஜ் ஆண்களை விட்டுவிட்டானா என்று நான் கேட்கவில்லை. ஆணுறையை மட்டும் ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்கிக்கொண்டான்.

ஆனால் அதெல்லாம் பின்னால் நடந்தது. அன்று மாலை சேலையூரில் வீட்டுக்குள் நுழைந்தபோது, அம்மா தோசை வார்த்துக்கொண்டே, குரோம்பேட்டையில் டீச்சராக இருக்கும் ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னாள். நம் சர்ச் சபைக் குடும்பம்தானாம், ஒருமுறை பார்த்தால் என்ன என்றாள். வழக்கமாக, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பேன்.

“வேணாம்மா. எந்த வருஷமும் வேணாம்.”

“ஏன்டா?”

“சொல்றேன். ஆனா நீ உக்காந்து கேக்கணும்.”

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

“சொல்லு” என்றாள்.