காயாத ரப்பர் டயர்கள்

பாதி காய்ந்த ரப்பர் ஷீட்டுக்கு ஒரு புளித்த வாடை உண்டு. மூக்கின் உட்புறத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் அந்த வாடையைப் பைக்குள் வைத்துக்கொண்டுதான், ஒன்பதாம் வகுப்பில், நெய்யாற்றின்கரையில் நடந்த ரோபோ போட்டிக்குப் போனேன். பைக்குள் இருந்தவை நானே செய்த நான்கு டயர்கள்.

வெள்ளறடைப் பக்கத்து எங்கள் பள்ளியில் ரோபோ குழு என்றால் ஜெபாதான். மற்ற மூன்று பேரும் அவளுக்கு வயர் பிடித்துக் கொடுப்பவர்கள். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாததால் சாயங்கால பஸ் வரும்வரை லேபில் உட்கார்ந்து புரோகிராம் எழுதுவாள். மோட்டார், சென்சார் எல்லாம் அடங்கிய கிட் பள்ளிக்கு இரவலாக வந்தது. போட்டியில் தேறாவிட்டால் அது வேறு பள்ளிக்குப் போய்விடும் என்று டீச்சர் முதலிலேயே சொல்லியிருந்தார். "அத எடுத்திட்டுப் போனா நான் என்னத்த செய்ய மக்கா" என்று ஜெபா ஒருநாள் என்னிடம் கேட்டாள்.

எங்கள் வண்டி வெள்ளைப் பலகையில் வரைந்த கறுப்புக் கோட்டைப் பார்த்து ஓடி, கடைசியில் ஒரு சரிவில் ஏற வேண்டும். ஓடுவதெல்லாம் ஒழுங்காக ஓடும். சரிவில் மட்டும் பிளாஸ்டிக் சக்கரம் வழுக்கும். "எங்க வீட்டுல ரப்பர் உண்டு, நான் டயர் கொண்டு வாறேன்" என்று வீரம் பேசியது நான்தான். ரப்பர் பாலில் ஆசிட் விட்டு உறையவைத்து, மெஷினில் அழுத்தி, நான்கு பட்டை அறுத்தேன். அது ஷீட் உலர்த்தும் புகைப்புரையில் தொங்கி வெள்ளை மாறித் தெளிய நாள் பிடிக்கும். போட்டிக்கோ இரண்டே நாள் இருந்தது. "வெள்ள மாறல்ல, பச்ச ஷீட்டாக்கும் அது" என்று அம்மா சொன்னதைக் காதில் வாங்காமல், மார்க்கர் பேனாவால் வெள்ளையெல்லாம் கறுப்பாக்கினேன். காலையில் சாய்த்து வைத்த பலகையில் மட்டும் ஓட்டிப் பார்த்தோம். ஜம்மென்று ஏறியது, ஜெபா என்னைக் கட்டிக்கொண்டாள்.

போட்டியில் இரண்டு தடவை ஓட்ட வேண்டும், இரண்டிலும் வண்டி மேலே போய்ச் சேர வேண்டும். முதல் தடவை சேர்ந்தது. இரண்டாம் தடவை வளைவில் கோட்டை விட்டு விலகிப் பலகைக்கு வெளியே விழுந்தது. "புரோகிராமில் எந்தோ பிரச்னம் உண்டு, பத்து மினிட் தராம்" என்று சரிசெய்து இன்னொரு தடவை ஓட்ட விட்டார் நடுவர்.

நான் பலகையை எட்டிப் பார்த்தேன். வளைவில் இரண்டு கறுப்புக் கீற்றுகள். ஈர ரப்பரில் பிடிக்காத மை, சக்கரம் திரும்பிய இடத்தில் இழுபட்டிருக்கிறது. தான் போட்ட தடத்தையே கோடென்று நம்பி வண்டி போயிருக்கிறது. பலகையைக் கெடுத்த குழு வெளியே போக வேண்டும் என்பது விதி. சொன்னால் கிட் போகும். சொல்லாமல் நான் நிற்க, ஜெபா ஒரு பிழையும் இல்லாத தன் புரோகிராமைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். "எங்க தப்பாச்சு, எங்க தப்பாச்சு" என்று அவள் முணுமுணுத்தபோது, "நல்லா பாரு மக்கா" என்றேன். சீ, அதையும் சொன்னேன்.

மூன்றாம் தடவை, பிரித்துப் போட்ட புரோகிராமோடு வண்டி வளைவு வரைக்கும்கூடப் போகவில்லை. அடுத்து வந்த பள்ளியின் வண்டியும் அதே வளைவில் விலகியபோதுதான் நடுவர் குனிந்து, பெருவிரலால் பலகையைத் தேய்த்துப் பார்த்து, எங்கள் வண்டியைக் கவிழ்த்துப் பிடித்தார். ஜெபா டயரைப் பார்த்தாள், பிறகு என்னை.

"ஒனக்கு அப்பமே தெரியுமா?"

தெரியும் என்று தலையாட்டினேன்.

அந்த வாரமே கிட் போயிற்று. பிளஸ் ஒன்னில் ஜெபா காமர்ஸ் எடுத்தாள். அந்த லேப் அலமாரியில் இப்போது விளையாட்டுச் சாமான்கள் கிடக்கின்றன. அங்கே ஒரு ரோபோ குழு இருந்ததென்று சொல்லக்கூட ஆளில்லை. நான் திருவனந்தபுரத்தில் புரோகிராம் எழுதும் வேலையில் இருக்கிறேன். பாறசாலை பஸ்ஸில் பார்த்தால் ஜெபா நகர்ந்து இடம் தருவாள், என் அம்மாவின் முட்டுவலியை விசாரிப்பாள், பிள்ளையின் போட்டோ காட்டுவாள். எனக்கு என்ன வேலை என்று மட்டும் இதுவரை கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.