காற்றை விழுங்கிப் பேசியவள்

குருசுக்குப்பத்துக் கன்னியம்மாள் தெருமுனையில் "மீனோய்" என்று குரல் கொடுத்தால் அடுத்த வீதியில் அரிவாள்மனையை எடுத்து வைப்பார்கள். முத்தியால்பேட்டையில் அவள் கூடைக்காகவே காத்திருந்த வீடுகள் பல. 1977இல் அந்தக் குரல் கம்மியது. கஷாயம், கற்பூரவல்லிச் சாறு என்று ஒரு மழைக்காலம் போயிற்று. மூச்சு விடும்போதே கரகரவென்று சத்தம் வரத் தொடங்கிய பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

தொண்டை டாக்டர் ஜானகிராமன் சுற்றி வளைக்கவில்லை. "புத்துநோயும்மா. குரல்வளையையே எடுத்துடணும். எடுத்தா பொழைச்சுக்கலாம். ஆனா பேச்சு போயிடும். கழுத்துல ஒரு துளை போடுவோம், அது வழியாத்தான் மூச்சு விடணும்."

கட்டுமரத்தில் போகிற அவள் புருஷன் பக்கிரி அங்கேயே அழுதுவிட்டான். "வேணாம் புள்ள, வூட்டுக்குப் போயிடலாம்."

"வூட்டுக்குப் போயி இன்னா பண்றது? சாவறதா?" என்றாள், மிச்சமிருந்த குரலில். "எனக்கு நாப்பதுகூட ஆவல. அறுக்கச் சொல்லு."

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது வாயைத் திறந்தாள். முனகல்கூட வரவில்லை. மூக்கில் கஞ்சிக் குழாய். இருமினால் சளி கழுத்து வழியாக வந்தது. இதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்த பிறகு இன்னொன்று தெரிந்தது. மூக்கில் காற்று ஏறாததால் வாசனையும் போயிருந்தது. கையில் மீனை வைத்துக்கொண்டு, அதன் வாடை தெரியாமல் நின்றாள். அன்றுதான் அழுதாள். அழுகைக்கும் சத்தமில்லை, முதுகு குலுங்குவதைப் பார்த்துத்தான் பக்கிரி தெரிந்துகொண்டான்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தருகிற வசந்தா வழி சொன்னாள். "காத்தை முழுங்கி, ஏப்பம் மாதிரி வெளிய விடுங்க. அந்த ஏப்பத்துலதான் பேசணும். ப, க, ட வர்ற வார்த்தைங்க முதல்ல சுலபமா வரும்."

அதே ஆபரேஷன் முடிந்து அவளோடு பயிற்சிக்கு வந்த சில ஆண்கள் கூச்சப்பட்டு நின்றுவிட்டார்கள். கன்னியம்மாள் நிற்கவில்லை. கோலி சோடா குடித்து ஏப்பம் பழகினாள். வயிறு உப்பி வலித்தது. தெருப் பிள்ளைகள் "தவள, தவள" என்று சிரித்தன. கரையில் ஏற்றிவைத்த படகுகளின் மறைவில் உட்கார்ந்து பழகினாள்.

ஒரு காலை, வலை உலர்த்திக்கொண்டிருந்த பக்கிரியின் பின்னால் தடித்த, கரகரத்த சத்தம் ஒன்று கேட்டது.

"பக்... கிரி."

திரும்பினான். கல்யாணமான நாளிலிருந்து புருஷன் பேரை வாயால் சொல்லாதவள் நின்றிருந்தாள்.

"ஏய், எம் பேரையா சொல்ற?"

"பக்கிரி!"

"சொல்லு புள்ள. இன்னொரு தபா சொல்லு" என்றான். வலை கையிலிருந்து நழுவியது அவனுக்குத் தெரியவில்லை.

கழுத்துத் துளைக்கு மேல் மெல்லிய வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு மறுபடி கூடையைத் தூக்கினாள். 'மீன்' என்ற சொல் அவளுக்குச் சரியாக வரவில்லை. அதனால் "பாற! காரப்பொடி! கெளுத்தி!" என்று மீன்களின் பேரை வெட்டி வெட்டிக் கூவினாள். அந்தச் சத்தம் தூரம் போகாது. வாசல் வாசலாக நின்று கதவைத் தட்டினாள். வாடை தெரியாததால் செவுளையும் கண்ணையும் பார்த்தே ஏலத்தில் மீன் எடுத்தாள்.

"உன்னப் பாக்கவே பயமா இருக்கு, இனிமே வராத" என்றாள் அமிர்தவல்லி என்கிற பழைய வாடிக்கைக்காரி.

"கழுத்தப் பாக்காத. பாறயப் பாரு."

அமிர்தவல்லி பாறையைப் பார்த்தாள். வாங்கினாள்.

1984இல் டாக்டர் அவளைக் கூட்டிவர ஆள் அனுப்பினார். கோவிந்தராசு என்ற மில் தொழிலாளி, குரல்வளை ஆபரேஷனே வேண்டாமென்று வார்டில் பையைக் கட்டி வைத்திருந்தார். கன்னியம்மாள் கூடையோடு போய் அவர் எதிரே நின்று துணியை விலக்கினாள்.

"பாத்துக்க அண்ணே. மூச்சு இங்க. பேச்சு இங்க" என்று துளையையும் வாயையும் தொட்டுக் காட்டினாள். "கஷ்டந்தான். கத்துக்கலாம்."

அவர் குனிந்து துளையை உற்றுப் பார்த்தார். "எத்தினி மாசமாச்சு தங்கச்சி, பேச?"

"எட்டு. நீ ஏழுல பேசு."

கோவிந்தராசு பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். ஆபரேஷன் அன்று அவரைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனபோது, கன்னியம்மாள் கதவு வரைக்கும் கூடவே நடந்தாள்.