காற்றின் மூன்றாம் படி

வெள்ளைக்காரன் ஆட்சியின் கடைசிக் காலம். கற்பிட்டிக் கடலோரத்தில் இருந்த எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மறுநாள் இன்ஸ்பெக்டர் வருவதாக இருந்தது. வீட்டு வாசல் மணலில் உட்கார்ந்து ஆங்கிலப் பாடத்தை உரத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிக், பிக்கர், பிக்கெஸ்ட். மூன்றாம் படிக்கு முன்னால் 'தி' போட வேண்டும். 'மோர் பிக்கர்' என்று ஒன்றையே இரண்டு தரம் உயர்த்தினால் பிரம்படி.

மற்ற வள்ளங்கள் மத்தியானமே கரையேறிவிட்டன. அப்பாவுடையது மட்டும் வரவில்லை. கடல் ஈயம்போல மங்கிக் கிடந்தது. தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று பனையோலைகளை ஒரே பக்கமாகச் சீவிக்கொண்டே இருந்தது. சீவிச் சீவி அதற்கு அலுக்கவில்லை.

"ஸ்ட்ராங், ஸ்ட்ராங்கர்..."

"அது என்ன புள்ள?" என்றார் பக்கத்து வீட்டு மாமி. அவர் புருஷனும் அப்பாவோடு அதே வள்ளத்தில்தான் போயிருந்தார்.

"பலமான காத்து மாமி. அதைவிடப் பலமான காத்து. எல்லாத்தையும்விட..."

அம்மா பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினார்.

ஆள் கடலில் இருக்கும்போது எங்கள் ஊரில் காற்றுக்கு மூன்றாம் படி கிடையாது. 'கொஞ்சம் இருக்கு' என்பார்கள். மிஞ்சினால், 'நேத்தைவிடக் கூட'. அதற்கு மேலே சொன்னால் காற்றுக்குக் கேட்டுவிடும். கேட்டால், அப்படியே ஆகிக் காட்டும். எங்கள் வகுப்பே இரண்டாம் படியில் நின்றுவிடுவதை, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த வாத்தியார் மந்தபுத்தி என்றே நினைத்திருந்தார்.

மாமி சிரித்தார். "வெள்ளைக்காரன் காத்தையும் அளக்காம விடமாட்டான் போல." பிறகு சிரிப்பு நின்றது. "எல்லாத்தையும்விட எண்டு சொல்ல, எல்லாத்தையும் கண்டிருக்கணுமே. ஆரு கண்டது?"

பறந்த மணல் கணுக்காலில் ஊசியாகக் குத்தியது.

வெயில் சாயும் நேரத்தில் வள்ளத்தின் கிழிந்த பாய் தெரிந்தது. மாமி முழங்காலளவு தண்ணீரில் இறங்கி நின்றார். வள்ளம் கரை தட்டியது. உள்ளங்கை உரிந்து, அப்பா மட்டும் இறங்கினார்.

"காத்து எப்படி அண்ணன்?" என்றார் மாமி. வேறு எதையும் அவரால் கேட்க முடியவில்லை.

கொஞ்சம் இருந்தது என்று அப்பா சொல்வாரென நான் காத்திருந்தேன். எந்தக் காற்றிலிருந்து வந்தாலும் அதைத்தான் சொல்வார். அவர் வெறுங்கடலைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ட ஆயுசுல கண்டதுலேயே ஆகப் பெரிய காத்து, தங்கச்சி."

மாமி அலைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்.