ஃபைல் திறக்கும் வரைக்கும்

கொழும்பில், எங்கள் இரத்தப் பரிசோதனை லாப்பின் வெள்ளவத்தைக் கிளையில் நான் ஒருத்திதான். காலையில் இரத்தம் எடுக்கிறவர் வந்து எடுத்து, குப்பிகளைக் கொட்டாஞ்சேனை லாப்புக்குக் கொண்டு போய்விடுவார். பிறகு பின்னேரம் வரைக்கும் நானும், ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கிற சனமும், ஒரு கம்ப்யூட்டரும். வீட்டில் அந்தச் சனம்கூட இல்லை. கணவர் போய்ச் சேர்ந்து ஆறு வருடம். மகள் கனடாவில்.

அந்தக் கம்ப்யூட்டர் இருக்கிறதே, சனியன்! நோயாளிகளின் விபரமெல்லாம் ஒரே ஒரு டேட்டாபேஸ் ஃபைலில் இருந்தது. அதைச் செய்தவளும் நான்தான், ஆகவே யாரையும் திட்டவும் வழியில்லை. ஃபைல் இருப்பது கொட்டாஞ்சேனையில். அங்கே அது பறக்கும். வெள்ளவத்தையிலிருந்து திறந்தால் அசையாது. நான் ஒரு பெயரைத் தேடினால் அங்குள்ள மெஷின் தேடித் தராது. முழுப் பட்டியலும் லைனில் ஊர்ந்து வந்து சேர, என் மெஷின்தான் தேட வேண்டும். ஒரு கரண்டி சீனி கேட்டவளுக்கு மூட்டையையே கொண்டுவந்து வாசலில் இறக்குவது மாதிரி.

இரண்டு பேர் ஒன்றாக உள்ளே போனால் ஃபைல் அப்படியே நின்றுவிடும். அதனால் நாங்களாகவே ஒரு முறை வைத்துக்கொண்டோம். கொட்டாஞ்சேனையில் ரிசல்ட் பதிகிறவள் மலையகத்தில் ஹட்டன் பக்கத்துப் பெண். ஒருநாளும் நான் அவளை நேரில் கண்டதில்லை. அவளுக்குப் போன் எடுப்பேன்.

“தங்கச்சி, வெளிய வாரும். நான் உள்ள போகோணும்.”

“இந்தா வந்துட்டேன்க்கா. போங்க.”

நான் வேலை முடித்து வெளியே வரும்வரை அவள் சும்மா இருக்க வேண்டும். அதனால் போனை வைக்க மாட்டோம். ஃபைல் திறக்கிற அந்த ஐந்து பத்து நிமிடத்தில்தான் எங்கள் கதை. அவள் மகளுக்குப் பல் விழுந்தது, அவளுக்கு அறை வாடகைக்கு விட்டவள் தண்ணீரை நிறுத்தியது, என் பருப்பு அடிப்பிடித்தது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது கதைப்போம். “சாப்ட்டீங்களாக்கா?” என்று இந்தக் கொழும்பில் என்னைக் கேட்கிற ஒரே ஆள் அவள்தான்.

இந்த வருத்தத்துக்கு மருந்து எனக்குத் தெரியும். ஃபைலுக்குப் பக்கத்தில் இன்னொரு கம்ப்யூட்டரை வைத்து, அதை இங்கிருந்து இயக்கினால் போதும். தேடுவதெல்லாம் அங்கேயே நடக்கும், திரையின் படம் மட்டும் லைனில் வரும். இரண்டு பேர் ஒன்றாக உள்ளே போனாலும் ஃபைல் நிற்காது. மூலையில் பழைய மெஷின் ஒன்று தூசி பிடித்துக் கிடக்கிறது என்று அவளே சொல்லியிருந்தாள். அரைநாள் வேலை. நான் வாயே திறக்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: வேகமாகிவிட்டால் அவளுக்குப் போன் எடுக்க எனக்கு என்ன சாட்டு இருக்கிறது? காத்திருக்கிறவர்கள் முறைத்தால், “லைன் ஸ்லோ, நான் என்ன செய்ய?” என்று அவர்கள் மேலேயே எரிந்து விழுந்தேன்.

இப்படியே எட்டு மாதம் போனது. ஒருநாள் அவள் குரல் அடைத்திருந்தது.

“அக்கா, நான் வேலைய விட்டுடப் போறேன்.”

“என்னடியப்பா, என்ன நடந்தது?”

“பதிஞ்சு முடிக்க ஆறு மணி தாண்டிடுது. புள்ளைய விடுற டேகெயார அஞ்சுக்கே மூடிர்றாங்க. புள்ள கேட்டுக்கு வெளிய ஒக்காந்திருக்கு. நேத்து மழையில நனைஞ்சு காய்ச்சல்க்கா.”

அவள் ஃபைலுக்கு வெளியே நின்ற நேரமெல்லாம் நான் உள்ளே இருந்த நேரம். அவள் போனாலும் எனக்கு இந்தக் குரல் இல்லை, ஃபைலைத் திருத்தினாலும் இல்லை என்று அப்போதும் மனம் கணக்குப் பார்த்தது. சீ, என்ன மனுசி நான்!

“அவசரப்படாதையும்,” என்றேன். அன்றைக்கே முதலாளிக்குப் போன் எடுத்து அந்தப் பழைய மெஷின் வழியை விளக்கினேன். மறுநாள் மத்தியானம் அந்தப் பழைய மெஷின் ஓடத் தொடங்கியது. பெயரைத் தட்டி முடிக்க முன்னமே ரிப்போர்ட் வந்து நின்றது. சனம் சிரித்துக்கொண்டு போனது. அன்றைக்குப் போன் அடிக்கவில்லை, அடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் பொறுக்க மாட்டாமல் நானே எடுத்தேன்.

“எப்பிடி, வேகமா இருக்கோ?”

“சூப்பர்க்கா! நாலரைக்கே போய் நின்னேன், புள்ள நம்பவே இல்ல. நீங்கதான் வழி சொன்னீங்களாமே? பாவம்க்கா நீங்க. முந்தியே தெரிஞ்சிருந்தா எங்கள இப்படிக் கஷ்டப்பட விட்டிருப்பீங்களா?”

“இல்லை,” என்றேன்.

“வேற ஏதும் வேணுமாக்கா?”

ஏதாவது சொல்லி அவளை நிறுத்தி வைக்கலாம் என்று திரையைப் பார்த்தேன். ஃபைல் திறந்தே இருந்தது.